சயனைடு மேடும் செல்லின் மூச்சும்: மைட்டோகாண்ட்ரியா பற்றிய ஒரு நீண்ட விவாதம்

கோலார் தங்கவயலுக்கு ரயிலில் வருகிறவர்கள் மாரிகுப்பம் வந்து சேரும் முன்பே அந்த மேடுகளைப் பார்த்துவிடுவார்கள். வெளிறிய நிறம், தட்டையான உச்சி, சரிவெங்கும் மழை அரித்த வரிகள். ஊரில் அவற்றுக்குச் சயனைடு மேடு என்றே பெயர். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே சுரங்க வேலையைக் கையிலெடுத்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்படும்வரை ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளியே போனது. மாவாக அரைத்த பாறை, 3 கோடி டன்னுக்கு மேல், இங்கேயே தங்கிவிட்டது. வட ஆற்காடு, சேலம், தருமபுரி, சித்தூர் பக்கங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பல தலைமுறை உழைப்பு அந்த மேடுகளில் கிடக்கிறது.

அரைத்த தாதுவை நீர்த்த சோடியம் சயனைடு கரைசலில் கொட்டி, சுண்ணாம்பு சேர்த்து, காற்றைச் செலுத்திக் கலக்குவது தங்கம் பிரிக்கும் முறை. காற்றிலுள்ள ஆக்சிஜன் தங்கத்திடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும். எலக்ட்ரான் இழந்த தங்க அணுவை இரண்டு சயனைடுகள் இரு பக்கமும் பற்றிக்கொண்டு நீரில் கரைத்து இழுத்துவிடும். பிறகு துத்தநாகத் தூளைப் போட்டால் தங்கம் தனியே படியும். கிளாஸ்கோவில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்கள் இருவரும் 1887இல் காப்புரிமை பெற்ற முறை இது. கண்ணுக்கே தெரியாத நுண்துகளாகப் பாறையில் பரவிக் கிடக்கும் தங்கத்தையும் காசாக்க இதுதான் வழி செய்தது.

சயனைடின் குணம் உலோகத்தைப் பற்றுவது. தொட்டியில் தங்கத்தைப் பற்றுவது, உடலுக்குள் போனால் இரும்பைப் பற்றும். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்றொரு நொதி இருக்கிறது. நாம் இழுக்கும் ஆக்சிஜனில் மிகப் பெரும்பகுதி கடைசியாகப் போய்ச் சேருவது அதனிடம்தான். அதன் நடுவிலுள்ள இரும்பில் சயனைடு உட்கார்ந்துவிட்டால் ஆக்சிஜனுக்கு அங்கே இடமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும். செலவாகாததால் சிரை இரத்தம்கூடத் தமனி இரத்தம்போலச் சிவந்திருக்கும். ஆனாலும் மூளையும் இதயமும் சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

செல்லுக்குள் ஆயிரக்கணக்கான நொதிகள் வேலை செய்கின்றன. அவற்றில் ஒன்றை அடைத்ததும் முழுச் செல்லும் சாய்வது ஏன்? அந்த நொதி இருக்கும் நுண்ணுறுப்பு ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியாவின் வழிவந்தது என்று தெரிந்தபின் கேள்வி இன்னும் கனமாகிறது. உண்மையில் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: முதலில் சேர்ந்தது ஏன்? பிறகு பிரிய முடியாமல் போனது ஏன்? நூறாண்டைத் தாண்டிய விவாதத்தில் இவ்விரண்டும் அடிக்கடி ஒன்றோடொன்று குழம்பியிருக்கின்றன. தனித்தனியாக வைத்துப் பார்த்தால் பல முரண்பாடுகள் தாமே தளர்கின்றன.

ஆற்றல் என்னும் பழைய விடை

1890இல் ஜெர்மானியரான ரிச்சர்ட் ஆல்ட்மன், சாயமேற்றிய செல்களில் சிறு மணிகளைக் கண்டு, அவை செல்லுக்குள் வாழும் அடிப்படை உயிர்கள் என்று எழுதினார். 1898இல் கார்ல் பெண்டா அவற்றுக்கு இழை, மணி என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து மைட்டோகாண்ட்ரியா என்று பெயரிட்டார். அவை என்ன செய்கின்றன என்பது நெடுநாள் தெரியவில்லை.

வழி காட்டியது சயனைடுதான். மிகச் சிறிய அளவு சயனைடு செல்லின் சுவாசத்தை நிறுத்துவதைக் கவனித்த ஓட்டோ வார்பர்க், சுவாச நொதியின் மையத்தில் இரும்பு இருக்க வேண்டும் என்று வாதாடினார். 1931இல் நோபல் பரிசு பெற்றார். 1925இல் டேவிட் கெய்லின் சைட்டோகுரோம்களை விவரித்தார். 1940களின் கடைசியில் கென்னடியும் லெனிங்கரும் சுவாசத்தின் முக்கிய வினைகள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்தான் நடக்கின்றன என்று காட்டினர்.

அந்த வினைகளிலிருந்து செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி எப்படி உருவாகிறது என்பதற்கு 1961இல் பீட்டர் மிட்செல் தந்த விளக்கம் முதலில் ஏற்கப்படவில்லை. உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் சவ்வு வழியே படிப்படியாக இறங்கும்போது புரோட்டான்கள் வெளியே தள்ளப்படுகின்றன; அணையில் தேங்கிய நீர் மதகு வழியே பாய்ந்து சக்கரத்தைச் சுற்றுவதுபோல, அந்தப் புரோட்டான்கள் திரும்பி உள்ளே வரும்போது ஏடிபி உருவாகிறது என்றார். 1978இல் நோபல் பரிசு அவருக்கு வந்தது. உட்சவ்வின் குறுக்கே இருக்கும் மின்னழுத்தம் சுமார் 150 மில்லிவோல்ட்தான். ஆனால் சவ்வின் தடிமன் ஒரு மீட்டரில் 20 கோடியில் ஒரு பங்கு என்பதால், அதை மீட்டர் கணக்குக்கு மாற்றினால் 3 கோடி வோல்ட் ஆகிறது. 

கணக்கும் இந்த விடைக்குச் சாதகம். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை ஆக்சிஜன் இல்லாமல் உடைத்தால் செல்லுக்கு நிகரமாக 2 ஏடிபி; மைட்டோகாண்ட்ரியா வழியே முழுதாக எரித்தால் சுமார் 30. மனித உடல் ஒரு நாளில் தன் எடையை நெருங்கும் அளவு ஏடிபியைச் செய்து செலவழிக்கிறது. எந்த நொடியிலும் கையிருப்பு 100 கிராமுக்கு மேல் தேறாது. சயனைடு ஏன் இவ்வளவு விரைவாகக் கொல்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

என்றாலும் சயனைடே இந்த விடையின் எல்லையையும் காட்டுகிறது. சேலம், தருமபுரி வட்டாரத்தில் நிறைய விளையும் மரவள்ளிக் கிழங்கில் சயனைடை வெளிவிடும் லினமாரின் என்ற பொருள் உண்டு. கிழங்கை வேகவைத்து நீரை வடிப்பது அதனால்தான். அப்படியும் மிஞ்சும் சிறிதளவு சயனைடில் கந்தகத்தை ஏற்றி, நஞ்சு குறைந்த தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் அனுப்புவது ரொடனேஸ் என்ற நொதி. அந்த நொதியும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்தான் இருக்கிறது. தாவர மைட்டோகாண்ட்ரியாவோ சயனைடால் அடைபடாத மாற்று ஆக்சிடேஸ் ஒன்றையும் வைத்திருக்கிறது. ஆக, ஏடிபி செய்யும் ஆலை என்று மட்டும் சொல்லிவிட முடியாத அளவுக்கு அதற்குள் வேலைகள் குவிந்திருக்கின்றன.

திருத்தம் சொன்ன செல்கள்

ஆற்றல்தான் முழு விடை என்றால், வேறு வழியில் ஆற்றல் கிடைக்கும் செல்லுக்கு மைட்டோகாண்ட்ரியா தேவைப்படக் கூடாது. இந்தச் சோதனையை இயற்கையும் ஆய்வகமும் பல விதமாகச் செய்து பார்த்திருக்கின்றன.

நம் சிவப்பணுக்களில் மைட்டோகாண்ட்ரியா இல்லை. சுமார் 120 நாள் ஓடுகின்றன. ஆனால் அவை பிளவுபடுவதுமில்லை, புதிதாகப் புரதம் செய்வதுமில்லை. மைட்டோகாண்ட்ரியாவோடு பிறந்து, அது கட்டிக் கொடுத்ததை வைத்துக் கடைசிவரை தேய்ந்து வாழ்பவை. ஆகவே இந்தச் சான்று ஒரு பக்கம்தான் பேசுகிறது.

ஈஸ்ட் இன்னும் தெளிவாகப் பேசியது. 1949இல் போரிஸ் எஃப்ருஸி சுவாசிக்கவே முடியாத ஈஸ்ட் வகைகளை விவரித்தார். அவை சிறு திட்டுகளாக வளர்ந்தன, ஆனால் உயிரோடிருந்தன. அவற்றில் சில மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ முழுவதையும் இழந்தும் நொதித்தலைக் கொண்டே பிழைத்தன. இருந்தும் அவற்றில் மைட்டோகாண்ட்ரியா என்ற அமைப்பு மட்டும் மறையவில்லை. அதற்குள் புரதங்களைக் கொண்டுசேர்க்கும் வழியை அடைத்தால் ஈஸ்ட் செத்துப்போகிறது. ரோலண்ட் லில்லும் அவருடைய குழுவினரும் 1990களின் கடைசியிலிருந்து காட்டிவந்த காரணம் இரும்பு–கந்தகக் கொத்துகள். டிஎன்ஏவை நகலெடுக்கும், பழுதுபார்க்கும் நொதிகள் சிலவற்றுக்கு இந்தச் சிறு உலோகக் கொத்து இல்லாமல் வேலை ஓடாது. அதைக் கட்டத் தொடங்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா.

1989இல் கிங், அட்டார்டி இருவரும் மனிதச் செல்களிலிருந்து மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவை முற்றிலும் நீக்கினர். செல்கள் வாழ்ந்தன, ஆனால் வளர்ப்பூடகத்தில் யூரிடினும் பைருவேட்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. யூரிடின் ஆர்என்ஏவின் கட்டுப்பொருள். அதைச் செய்யும் ஒரு நொதி தன் எலக்ட்ரான்களை மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலியிடம்தான் ஒப்படைக்கும். 2015இல் வந்த ஆய்வுகள், பெருகும் செல்களுக்குச் சுவாசம் தரும் இன்றியமையாத உதவிகளில் ஒன்று அஸ்பார்டேட் என்ற அமினோ அமிலம் செய்ய வழிவிடுவது என்று காட்டின. செல்லின் சாவும் இதே இடத்தோடு கட்டுண்டிருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி வெளியே கசிவது செல்லின் திட்டமிட்ட மரணத்தைத் தொடங்கிவைக்கும் என்று 1996இல் ஷியாடாங் வாங் குழு கண்டது.

உட்கரு கொண்ட செல்களாலான உயிர்கள் யூகேரியோட்டுகள்; அவற்றில் மைட்டோகாண்ட்ரியாவே இல்லாதவை உண்டா? 1980களில் டாம் கேவலியர்-ஸ்மித், ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகள் மைட்டோகாண்ட்ரியா வருமுன்னரே கிளைபிரிந்த பழைய வம்சம் என்றார். கருத்து அழகானது, ஆனால் நிற்கவில்லை. வயிற்றுக்கடுப்பு தரும் அமீபாவிலும் ஜியார்டியாவிலும் மைட்டோசோம் என்ற சுருங்கிய எச்சம் அடுத்தடுத்துக் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஏடிபி எதுவும் செய்வதில்லை. ஜியார்டியாவில் அதற்கு மிஞ்சிய பெரிய வேலை இரும்பு–கந்தகக் கொத்து கட்டுவதுதான். பிறகு 2016இல் சின்சில்லா என்ற கொறிவிலங்கின் குடலில் வாழும் மோனோசெர்கோமோனாய்டஸ் வகை உயிரில் எச்சம்கூட இல்லை என்று தெரிந்தது. பாக்டீரியாவிடமிருந்து கொத்து கட்டும் வேறொரு மரபணுத் தொகுப்பை அதன் மூதாதை பெற்றிருந்தது. மாற்று ஏற்பாடு கிடைத்ததும் பழைய கூட்டாளி போய்விட்டது.

நம்பியிருப்பதற்குக் காரணம் ஒன்றல்ல, பல அடுக்குகள் என்பதே இவற்றிலிருந்து நான் எடுக்கும் முடிவு. மூளைச் செல்லுக்கு ஏடிபி முதன்மை, ஈஸ்டுக்கு இரும்பு–கந்தகம், பெருகும் செல்லுக்குக் கட்டுப்பொருள். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே காரணம் தேடுவது வீண் வேலை.

வந்ததா, முளைத்ததா

தாவரச் செல்லின் பசுங்கணிகங்கள் தாமே பிளந்து பெருகுவதைக் கண்ட ஷிம்பர், 1883இலேயே இது இரண்டு உயிர்களின் கூட்டுவாழ்வை நினைவூட்டுகிறது என்று ஓர் அடிக்குறிப்பில் சொல்லிச் சென்றார். 1905இல் ரஷ்யரான மெரெஷ்கோவ்ஸ்கி அதை முழுக் கோட்பாடாக்கினார். 1920களில் அமெரிக்கரான ஐவன் வாலின் மைட்டோகாண்ட்ரியாவும் பாக்டீரியாவே என்றார். அவற்றைச் செல்லுக்கு வெளியே வளர்த்துக் காட்டியதாகவும் உரிமை கொண்டாடினார். அது வெளியிலிருந்து தொற்றிய பாக்டீரியாவாக இருந்திருக்கலாம் என்று சக ஆய்வாளர்கள் ஒதுக்கினர். தவறான சான்று சரியான கருத்தையும் தன்னோடு புதைத்துவிட்டது.

1963இல் மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் இருவரும் கோழிக்கருவின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் டிஎன்ஏ இழைகளைக் கண்டனர். 1967இல் லின் மார்குலிஸ் (அப்போது லின் சாகன்) பதினைந்து இதழ்களால் நிராகரிக்கப்பட்ட தம் கட்டுரையை வெளியிட்டார். எதிர்த்தரப்பும் வலுவாகவே இருந்தது. 1972இல் ராஃப், மேலர் இருவரும், செல்லின் சொந்தச் சவ்வு உள்நோக்கி மடிந்து, சில மரபணுக்கள் அதற்குள் அடைபட்டு மைட்டோகாண்ட்ரியா உருவாகியிருக்கலாம் என்றனர். புதிய உயிர் ஒன்றைக் கதைக்குள் கொண்டுவராத சிக்கனமான விளக்கம். அக்காலத் தரவுகளுக்கு முரணானதுமல்ல.

தீர்ப்பு மரபணு வரிசைகளிலிருந்து வந்தது. மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் ஆர்என்ஏவை ஒப்பிட்டபோது அது செல்லின் உட்கருவோடு சேராமல் ஆல்ஃபாபுரோட்டியோபாக்டீரியா என்ற பிரிவோடு சேர்ந்தது. 1980களின் நடுவில் விவாதம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. மார்குலிஸின் மற்றொரு கருத்து, யூகேரியோட்டுகளின் கசையிழையும் சுருள் பாக்டீரியாவின் வாரிசு என்பது, சான்று கிடைக்காமல் நின்றுபோனது. ஒன்றில் வென்றவர் எல்லாவற்றிலும் வென்றார் என்று எழுதும் அறிமுக நூல்கள் இந்த வேறுபாட்டை விட்டுவிடுகின்றன.

அந்தப் பிரிவுக்குள் மிக நெருங்கிய உறவு யார் என்பதில்தான் இழுபறி. டைஃபஸ் காய்ச்சல் தரும் ரிக்கெட்ஸியாவின் மரபணுத் தொகுதி 1998இல் வெளியானபோது அதுவே உறவு என்று தோன்றியது. 2018இல் வந்த ஒரு பகுப்பாய்வு, மைட்டோகாண்ட்ரியாவின் மூதாதை இன்று தெரிந்த ஆல்ஃபா வகைகள் எல்லாவற்றுக்கும் முன்பே கிளைபிரிந்தது என்றது. வேகமாக மாறும் வரிசைகள் தவறாக ஒன்றுகூடித் தோன்றுவது இவ்வகை ஆய்வின் நிரந்தரத் தொல்லை.

யார் யாரை ஏற்றது

தங்கவயலின் பாறைப் பட்டை சுமார் 270 கோடி ஆண்டுப் பழமை. காற்றில் ஆக்சிஜன் குறிப்பிடத்தக்க அளவு சேரத் தொடங்கியது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன். இன்றைய யூகேரியோட்டுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதையின் காலம் 150 முதல் 200 கோடி ஆண்டுக்குள் என்று பெரும்பாலான கணிப்புகள் சொல்கின்றன. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழத்தில் தொழிலாளர்கள் வெட்டியது, உலகில் மைட்டோகாண்ட்ரியா தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே உறைந்த பாறையை.

அந்த மூதாதை எப்படி உருவானது என்பதற்கான விடைகளில் நான்கைப் பேச வேண்டும். முதலாவது, விழுங்கல். ஏற்கெனவே சிக்கலாகிவிட்டிருந்த ஒரு செல் பாக்டீரியாவை உணவாக விழுங்கியது, செரிக்காமல் விட்டது. எளிதில் கற்பனை செய்யக்கூடியது இது. ஆனால் மைட்டோகாண்ட்ரியா இல்லாமலே சிக்கலாகி வளர்ந்த யூகேரியோட் இன்றுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாவது, ஆக்சிஜன் என்னும் நஞ்சிலிருந்து காத்துக்கொள்ள அதைத் தின்னும் பாக்டீரியாவைச் சேர்த்துக்கொண்டது என்பது. சுவாசச் சங்கிலியே ஆக்சிஜனின் தீங்கான வடிவங்களை உண்டாக்கும் என்பது இதன் பலவீனம்.

மூன்றாவது, 1998இல் மார்ட்டின், மியூலர் இருவரும் சொன்ன ஹைட்ரஜன் கருதுகோள். பாக்டீரியா கழிவாக வெளிவிட்ட ஹைட்ரஜனை உண்டு வாழ்ந்த ஓர் ஆர்க்கியா (உட்கரு இல்லாத, ஆனால் பாக்டீரியாவும் அல்லாத நுண்ணுயிர்), அந்த ஊற்றை விட்டு அகல முடியாமல் அதைச் சூழ்ந்துகொண்டது என்பது அதன் சாரம். ஆக்சிஜனோ ஏடிபியோ தொடக்கத்தில் காரணமே அல்ல என்று சொன்ன துணிச்சல் இதில் உண்டு. அதே ஆண்டில் மொரைராவும் லோபஸ்-கார்சியாவும் ஒன்றின் கழிவை இன்னொன்று உண்ணும், மூன்று உயிர்கள் சேர்ந்த கூட்டுண்ணலைச் சொன்னார்கள், அது நான்காவது.

ஏற்றது ஆர்க்கியா என்ற தரப்பு 2015இல் பெரும் பலம் பெற்றது. வட அட்லாண்டிக் கடலடியில், லோகி கோட்டை என்று பெயரிட்ட வெந்நீர் ஊற்றின் அருகே எடுத்த சேற்றில், யூகேரியோட்டுகளுக்கே உரியவை என்று நினைத்திருந்த புரதங்களின் மரபணுக்களைக் கொண்ட ஆர்க்கியா இருப்பது தெரிந்தது. இக்கூட்டத்துக்கு அஸ்கார்டு என்று பெயர். ஜப்பானில் இமாச்சி குழு பன்னிரண்டு ஆண்டு பொறுமையாக வளர்த்து, 2020இல் அஸ்கார்டு ஆர்க்கியா ஒன்றை உயிரோடு காட்டியது. அது இரட்டிப்பாக இரண்டு மூன்று வாரம் ஆகிறது. உள்ளே நுண்ணுறுப்பு எதுவும் இல்லை. வெளியே நீண்ட கைகள்போன்ற கிளைகள் இருக்கின்றன. ஹைட்ரஜனையோ ஃபார்மேட்டையோ வாங்கிக்கொள்ளும் துணை உயிரோடுதான் வாழ்கிறது. இங்கே ஹைட்ரஜன் போகும் திசை மார்ட்டினும் மியூலரும் சொன்னதற்கு நேர்மாறு. ஆனால் விழுங்கும் வாய் இல்லாமலே ஒன்றையொன்று சூழ்ந்திருக்க முடியும் என்ற எண்ணம் இதனால் வலுத்தது.

ஆற்றல் விவாதம் இங்கே மறுபடி தலைகாட்டுகிறது. 2010இல் லேனும் மார்ட்டினும், மைட்டோகாண்ட்ரியா தந்த ஆற்றல் இல்லாமல் யூகேரியோட்டின் பெரிய மரபணுத் தொகுதி சாத்தியமே இல்லை என்றனர். 2017இல் லிஞ்சும் மரினோவும் செல்லின் அளவுக்கேற்பக் கணக்கிட்டால் அப்படிப்பட்ட பாய்ச்சல் தெரியவில்லை என்று மறுத்தனர். மைட்டோகாண்ட்ரியா தாமதமாக வந்தது என்று 2016இல் ஒரு மரபணு ஒப்பீடும், சிக்கலாக்கம் தொடங்கிய பின் இடையில் வந்தது என்று 2021இல் இன்னொன்றும் கூறின. லேன்–மார்ட்டின் வாதம் பொதுவாசகரிடம் முடிந்த முடிவாகப் பரவியிருக்கிறது. அதற்குரிய உறுதி இன்னும் அதற்கு இல்லை.

திரும்ப முடியாத வழி

சேர்ந்த பின் நடந்ததில்தான் பிரிய முடியாமையின் வேர் இருக்கிறது. மனித மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவில் 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். அவற்றில் புரதத்துக்கு உரியவை 13 மட்டுமே. ரெக்லினோமோனஸ் என்ற ஒருசெல் உயிரில் 97 மரபணுக்கள் இன்னும் உள்ளன. மனித மைட்டோகாண்ட்ரியாவில் வேலை செய்யும் புரதங்களோ ஆயிரத்துக்கு மேல். மிச்சமெல்லாம் உட்கருவில் எழுதப்பட்டு, வெளியே தயாராகி, முகவரிச் சீட்டு ஒட்டியதுபோன்ற முன்துண்டோடு வந்து, சவ்வு வாயில்கள் வழியே உள்ளே போகின்றன. தன் மரபணுக்களைக் கொடுத்துவிட்ட பாக்டீரியாவால் வெளியே போக முடியாது. அவற்றைக் கலந்துகொண்ட செல்லாலும் எது தன்னுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த 13 மட்டும் ஏன் தங்கின? நீரை வெறுக்கும் புரதங்களை வெளியே செய்து உள்ளே அனுப்புவது கடினம் என்பது ஒரு விடை. அத்தகைய சில மரபணுக்கள் சில இனங்களில் உட்கருவுக்குப் போயிருப்பது அதன் குறை. ஒவ்வொரு மைட்டோகாண்ட்ரியனும் தன் எலக்ட்ரான் ஓட்ட நிலைக்கேற்பத் தானே புரத உற்பத்தியை இயக்க வேண்டும் என்பது ஜான் ஆலனின் விடை; நேரடியாகச் சோதிப்பது அரிது. இரண்டும் சேர்ந்தே செயல்பட்டிருக்கலாம்.

இந்த வழியில் பாதி தூரம் வந்தவற்றை நம் நாட்டிலேயே பார்க்கலாம். யானைக்கால் நோய் தரும் புழுக்களுக்குள் உல்பாக்கியா என்ற ஆல்ஃபாபுரோட்டியோபாக்டீரியா வாழ்கிறது, ரிக்கெட்ஸியாவின் சொந்தம். டாக்சிசைக்ளின் மருந்தைச் சில வாரம் கொடுத்து அந்தப் பாக்டீரியாவைக் கொன்றால் புழு மலடாகி, மெல்ல மடிகிறது. ஆனால் லோவா லோவா என்ற உறவுப் புழுவில் உல்பாக்கியா இல்லை. அது நன்றாகவே வாழ்கிறது. ஒன்றுக்கு உயிர்நாடியாகிவிட்டது அதன் நெருங்கிய சொந்தத்துக்குத் தேவையே இல்லை. 2024இல் ஒருசெல் கடற்பாசி ஒன்றுக்குள் வாழும் நைட்ரஜன் நிலைநிறுத்தும் பாக்டீரியா, செல்லோடு ஒத்திசைந்து பிளப்பதாலும் உட்கரு எழுதிய புரதங்களை வாங்கிக்கொள்வதாலும், நைட்ரோபிளாஸ்ட் என்ற நுண்ணுறுப்பாக அறிவிக்கப்பட்டது. விருந்தாளி எந்த நாளில் உறுப்பாகிறது என்பதற்குக் கோடு போடுவது கடினம் என்பதையே அந்த அறிவிப்பு காட்டுகிறது.

தூசு காட்டிய இன்னொரு உறுப்பு

எல்லா நுண்ணுறுப்பும் வெளியிலிருந்து வந்தவையல்ல. இதைப் பேச மறுபடி தங்கவயலுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

சயனைடைவிட அதிகம் பேரை இந்தச் சுரங்கங்களில் வாட்டியது பாறைத் தூசு. குவார்ட்ஸ் பாறையைத் துளைக்கும்போது கிளம்பும் மிக நுண்ணிய சிலிகா நுரையீரலின் கடைசி அறைவரை போய்விடும். 1940களில் தங்கவயல் தொழிலாளர்களிடம் நடந்த பரிசோதனைகள், இந்தியாவில் சிலிகோசிஸ் பற்றிய ஆரம்பகால ஆவணங்களில் முக்கியமானவை. அந்தத் துகளை விழுங்கிச் செரிக்கப் பார்ப்பது மேக்ரோபேஜ் என்னும் காவல் செல். அது செரிக்கப் பயன்படுத்துவது லைசோசோம். 1955இல் கிறிஸ்தியன் டி டியூவ் பெயரிட்ட பை அது. 1966இல் அலிசன், ஹாரிங்டன், பர்பெக் மூவரும் சிலிகா அந்தப் பையைக் கிழிப்பதைக் காட்டினர். பை கிழிந்து செரிமான நொதிகள் செல்லுக்குள்ளேயே கொட்டும், செல் சாகும், துகள் மீண்டும் வெளியே வரும், அடுத்த மேக்ரோபேஜ் அதை விழுங்கும். இந்தச் சுற்று நிற்காமல் ஓடுவதால்தான் சுரங்கத்தை விட்ட பிறகும் நோய் வளர்கிறது.

லைசோசோமில் டிஎன்ஏ இல்லை, இரட்டைச் சவ்வு இல்லை, பிளந்து பெருகும் தன்மை இல்லை. எண்டோபிளாச வலையும் கோல்கை உறுப்பும் அப்படியே. பெராக்சிசோம் என்ற இன்னொரு நுண்ணுறுப்பு ஒரு காலத்தில் தனி உயிர் என்று டி டியூவ் கருதினார். இன்று அது எண்டோபிளாச வலையிலிருந்தும், ஓரளவு மைட்டோகாண்ட்ரியாவின் உதவியோடும் உருவாவதாகத் தெரிகிறது. இந்த உட்சவ்வு அமைப்பு எங்கிருந்து வந்தது? செல்லின் வெளிச்சவ்வு உள்ளே மடிந்தது என்பது பழைய விடை. வெளியே நீட்டிய கைகள் ஒன்றாக இணைந்து, பழைய செல் உட்கருவாக நின்றது என்பது 2014இல் டேவிட் பாமும் பஸ் பாமும் சொன்னது. உள்ளே வந்த பாக்டீரியா உதிர்த்த சவ்வுக் கொப்புளங்களே அதற்கு விதை என்பது 2016இல் கூல்ட், கார்க், மார்ட்டின் மூவரின் கருத்து.

கடைசி விடைக்கு ஒரு கூடுதல் நியாயம் உண்டு. ஆர்க்கியாவின் சவ்வுக் கொழுப்பு ஒரு வகை, பாக்டீரியாவினது வேறு வகை; மரபணுச் செயலாக்கத்தில் ஆர்க்கியாவை ஒத்த நம் செல்களின் சவ்வோ பாக்டீரியா வகை. சவ்வு விருந்தாளியிடமிருந்து வந்தது என்றால் இந்த முரண் விளங்கும். ஆனால் வீட்டின் சுவர் முழுவதும் குடியிருந்தபடியே எப்படி மாற்றப்பட்டது என்பதற்கு இடைநிலைச் சான்று கிடைக்கவில்லை.

எங்கே நிற்கிறோம்

மைட்டோகாண்ட்ரியா ஒரு பாக்டீரியாவின் வாரிசு என்பதும், அதை ஏற்றது அஸ்கார்டு வகையை ஒட்டிய ஆர்க்கியா என்பதும் இன்று உறுதியான தளம். எந்தப் பொருளைக் கொடுத்து வாங்கிச் சேர்ந்தன, சிக்கலாக்கத்துக்கு முன்பா பின்பா, சவ்வு எப்படி மாறியது ஆகிய மூன்றும் திறந்தே உள்ளன. சேர்ந்த காரணத்தை இன்றைய பயனிலிருந்து ஊகிப்பது நம்பத்தக்க வழியல்ல. சயனைடு இன்று நம்மைக் கொல்வது ஆற்றலை நிறுத்தி. ஆனால் ஆற்றலுக்காகவே அந்தக் கூட்டு தொடங்கியது என்பதற்கு அது சான்றாகாது. பிரிய முடியாமை, மரபணுக்கள் இடம்மாறியதும் வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்ததும் சேர்ந்து பிற்பாடு வளர்ந்த நிலை. மோனோசெர்கோமோனாய்டஸ் அதை அவிழ்த்தும் காட்டியிருக்கிறது.

மேடுகளிலிருந்த சயனைடில் பெரும்பகுதி வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதைந்திருக்கும். சிலிகா சிதையாது. காற்றுக் காலத்தில் அந்த மேடுகளிலிருந்து தூசு இன்றும் ஊருக்குள் வருகிறது. லைசோசோம் கிழிவதை 1966இலேயே தெரிந்துகொண்டோம். நுரையீரலில் தங்கிய சிலிகாவை வெளியேற்றிச் சிலிகோசிஸைக் குணமாக்கும் மருந்து இதுவரை இல்லை.